நோயின் பெயரும் எண்ணும்



உருத்திரபுரத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு இப் பேச்சைத் தொடங்குகிறேன். அவருக்கு வயது ஐம்பத்தைந்து என்று கொள்வோம். சில மாதங்களாக உடம்பில் சோர்வு, மாலையில் கால் வீக்கம், உணவில் விருப்பமின்மை. ஒருநாட் காலை கிளிநொச்சிக்குப் பேருந்தேறி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்கிறார். இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படுகின்றன. சிறுநீரகம் பழுதுபட்டிருக்கின்றது என வைத்தியர் காண்கின்றார். நான்கு நாள் வாட்டில் வைத்திருந்து அனுப்பும்போது, தலைமாட்டுச் சீட்டிலே 'சீ.கே.டி.' என்று மூன்று ஆங்கில எழுத்துக்களை எழுதுகின்றார். நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது அதன் பொருள்.

எழுதப்பட்டது உண்மைதான். ஆயினும் அவ்வளவில் அஃது முழுமையானதா? நோய் எந்தப் படிநிலையில் இருக்கின்றது? நீரிழிவினால் வந்ததா, இரத்த அழுத்தத்தினால் வந்ததா, அல்லது இரண்டும் இல்லாமலே வந்ததா? அந்த மூன்று எழுத்துக்கள் இவற்றுள் ஒன்றையும் கூறவில்லை. சீட்டு பதிவறைக்குச் செல்கின்றது. அங்குள்ள இலிகிதர் நூலைப் புரட்டி, அந்த நோய்க்குரிய எண்ணை இடுகின்றார். என்.18.9 என்பது அந்த எண். கடைசியில் நிற்கும் ஒன்பதுக்குப் பொருள் யாது? 'விபரம் குறிப்பிடப்படவில்லை' என்பதே.

இந்த எண்களைப் பற்றியும், இவை மாறும்போது ஒரு வைத்தியசாலையும் ஒரு சிறு மருந்தகமும் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பது பற்றியுமே இன்று கூற எண்ணுகின்றேன். இது வைத்தியருக்கும் இலிகிதருக்கும் மட்டும் உரிய விடயம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அந்த ஒன்பதுக்குள் அகப்பட்டிருப்பவர் நம் ஊர்க் கமக்காரர் அல்லவா?

இரணைமடுக் குளத்தின் கீழ் வாழ்பவர்க்கு எண்ணின் அருமையை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று எண்ணையே ஊர்ப்பெயராய்க் கொண்டு வாழ்பவர்கள் அவர்கள். ஒருநாள் அந்த வாய்க்கால்களுக்கெல்லாம் புதிய இலக்கம் இடப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். மதகு திறப்பவரிடம் புதிய இலக்கமும், தண்ணீர் கேட்டு எழுதும் கமக்காரரிடம் பழைய இலக்கமும் இருந்தால் நேர்வது யாது? வயலும் மாறவில்லை, வாய்க்காலும் மாறவில்லை. எனினும் தண்ணீர் வேறொருவர் வயலுக்குப் பாய்ந்துவிடும். நோய்களின் எண் மாறும்போதும் இதுவே நிகழக்கூடும். அங்கே தண்ணீருக்குப் பதிலாக மருந்தும், இயந்திரமும், தாதியரும், பணமும் வழி தவறிப் போகும்.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? லண்டன் மாநகரில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து 1662ஆம் ஆண்டில் ஜோன் கிரான்ட் என்பவர் ஒரு நூல் எழுதினார். இறந்தவர்களை எண்ணினால் இருப்பவர்களைக் காக்க வழி தெரியும் என்ற கருத்துக்கு அது வித்திட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பதிவாளர் நாயகம் அலுவலகத்தில் பணிபுரிந்த வில்லியம் பார் என்பவர் ஒரு பெருங்குறையைக் கண்டார். ஒரே நோயை ஊருக்கொரு பெயரால் எழுதினர். ஒரே பெயரை வெவ்வேறு நோய்க்கும் இட்டனர். பெயர் ஒன்றாகாதவரை எண்ணிக்கை ஒன்றாகாது என்று அவர் வாதாடினார். 1893இல் சிக்காகோ நகரில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர நிறுவனத்தார் முன்னிலையில் பிரான்சு நாட்டு அறிஞர் ஜாக் பெர்ட்டியோன் இறப்புக் காரணங்களின் பட்டியல் ஒன்றை வைத்தார். அதுவே இன்றைய சர்வதேச நோய்ப் பாகுபாட்டின் மூலம். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பொறுப்பேற்றபோது ஆறாம் திருத்தம் வெளிவந்தது. இறப்புக்களோடு நோய்களும் அப்போதே அதில் இடம்பெற்றன. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதினோராம் திருத்தம் 2019 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவையால் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் நாடுகள் ஒவ்வொன்றாகத் தத்தம் வசதிக்கேற்பப் புதிய திருத்தத்துக்கு மாறத் தொடங்கின.

இலங்கையிலோ பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1867ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்துவிட்டது. அரசாங்க வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றோரின் நோய்களையும் இறப்புக்களையும் பத்தாம் திருத்தத்தின்படி எண்ணிட்டுச் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு அனுப்பும் வழக்கமும் வேரூன்றியிருக்கின்றது. முன்னர் தாளில் எழுதி அனுப்பப்பட்டவை பின்னர் கணினி வழியாகச் செல்லத் தொடங்கின. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். இக்கணக்கு வாட்டில் தங்கியவர்களின் கணக்கு. வெளிநோயாளர் பிரிவில் மருந்து வாங்கிச் சென்றவரும், தனியார் மருந்தகத்தை நாடியவரும் இதில் இல்லை. ஆகவே உள்ள கணக்கையாவது செவ்வையாக வைத்திருத்தல் நம் கடமையாகின்றது.

எண்ணுவதனால் விளையும் பயன் என்ன என்று ஒருவர் கேட்கலாம். வன்னி மண்ணுக்கு மலேரியாவைவிட நல்ல சான்று வேண்டுமோ? காடழித்துக் களனியாக்கிய நம் முன்னோரை அக்காய்ச்சல் வாட்டியதை வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேரே. வெற்றி கிட்டிவிட்டது என்ற எண்ணத்தில் கண்காணிப்பும் செலவும் தளர்ந்தன. அப்பத்தாண்டு முடிவதற்குள் நோய் மீண்டும் பெருந்தொற்றாய்ப் பரவி, இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. அதன் பின்னர் பல்லாண்டு உழைப்பினால், காய்ச்சற்காரர் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதித்து, எவ்வகைக் கிருமி, எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் விடாது எழுதிய முறையினால், 2012ஆம் ஆண்டோடு உள்நாட்டில் தொற்றுவது நின்றது. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. வெறுமனே 'காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டிருந்தால் இஃது கைகூடியிருக்குமா?

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னதென்று தெரியாத காய்ச்சலால் சிலர் அடுத்தடுத்து இறந்தனர். மக்கள் அதனை மர்மக் காய்ச்சல் என்றனர்; அச்சம் பரவியது. ஆய்வின் முடிவில் அது எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது. பெயர் தெரிந்ததும் செய்யவேண்டியதும் தெரிந்துவிட்டது. சேற்றில் இறங்குவோர் காலிலுள்ள காயத்தை மூடிக்கொள்ளவும், வயல் வேலைக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பெறவும் எடுத்துக்கூற முடிந்தது. இவ்வகைத் தொற்றுநோய்களைச் சந்தேகம் கொண்ட அளவிலேயே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் சட்டம். அந்த அறிவித்தலுக்கு எண் வரும்வரை காத்திருக்கலாகாது.

இனி, எட்டும் ஒன்பதும் பற்றிச் சிறிது கூறவேண்டும். பத்தாம் திருத்தத்தில் பெரும்பாலான நோய்களின் இறுதியில் இவ்விரு பெட்டிகளும் இருக்கும். எட்டு என்பது, 'வைத்தியர் நோயைத் தெளிவாக எழுதியிருக்கின்றார். ஆனால் அதற்கெனத் தனிப்பெட்டி நூலில் இல்லை' என்பதைக் குறிக்கும். ஒன்பது என்பது, 'நூலிலே பெட்டி இருக்கின்றது. எதில் இடுவதென்று எழுதப்படவில்லை' என்பதைக் குறிக்கும். முன்னது நூலின் குறை. பின்னது நம் குறை. பதினோராம் திருத்தத்தில் எட்டின் இடத்தை 'வை' என்ற எழுத்தும், ஒன்பதின் இடத்தை 'செட்' என்ற எழுத்தும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. நூல் மாறினாலும் அந்த வேறுபாடு மாறவில்லை.

சிறுநீரக நோயில் இவ்வேறுபாடு உயிர்நாடியாகின்றது. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரரிடையே ஒருவகைச் சிறுநீரக நோய் 1990களில் இனங்காணப்பட்டது. வவுனியா, முல்லைத்தீவு முதலிய அயல் மாவட்டங்களிலும் அது பற்றிப் பேசப்படுகின்றது. 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று அதற்குப் பெயர். தேடிப் பார்த்தும் காரணம் காணப்படவில்லை என்பது ஒரு கண்டுபிடிப்பு. அதை வைத்து நீரை ஆராயலாம், மண்ணை ஆராயலாம். தேடினோமா இல்லையா என்றே எழுதாமல் விடுவது கண்டுபிடிப்பு ஆகாது. இரண்டும் ஒரே ஒன்பதில் போய் விழுந்துவிட்டால், உருத்திரபுரத்துக் கமக்காரர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று எவராலும் சொல்ல முடியாது. இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் எந்த மாவட்டத்துக்கு எத்தனை வேண்டுமென்று கணிப்பவருக்கும் சரியான விடை கிடையாது.

இந்த மண்ணுக்கென்றே இன்னொரு பெட்டியும் அந்நூலில் உண்டு. போர் நடவடிக்கையில் புதைத்த வெடி, போர் ஓய்ந்தபின் வெடித்துக் காயம் விளைவித்தால் அதற்குப் பத்தாம் திருத்தத்தில் வை.36.8 என்று தனி எண். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதன் பின்னரும் வன்னியில் காணி துப்புரவு செய்யப்போய்க் காலிழந்தோர் உளர். காயத்துக்கு ஓர் எண்ணும், காயம் விளைந்த விதத்துக்கு ஓர் எண்ணும் ஆக இரண்டு இடவேண்டும் என்பது விதி. இரண்டாவதை எழுதாவிட்டால், கால் துண்டிக்கப்பட்டது என்பது மட்டுமே பதிவாகும். மண்ணுக்குள் வெடி கிடந்தது மறைந்துபோகும்.

இவ்வளவும் கூறியபின், புதிய திருத்தத்தில் மாறுவது யாது என்பதற்கு வருவோம். பத்தாம் திருத்தத்தில் எண்ணின் முதலிடத்தில் எழுத்து நிற்கும். பதினோராம் திருத்தத்தில் இரண்டாம் இடத்தில் எப்போதும் எழுத்து ஒன்று நிற்கும். ஒன்று, பூச்சியம் என்னும் இலக்கங்களோடு மயங்கும் 'ஐ', 'ஓ' என்னும் எழுத்துக்கள் விலக்கப்பட்டன. நூல் வடிவை விட்டுக் கணினிக்கென்றே அது ஆக்கப்பட்டது. ஏறத்தாழ 17,000 எண்கள் அதில் உண்டு. ஓர் எண்ணோடு இன்னோர் எண்ணைச் சாய்கோடிட்டு இணைத்து, 'இந்த நோய், இன்ன நோயோடு சேர்ந்து' என்று எழுதவும் இடமுண்டு. நான்காம் படிநிலையிலுள்ள நாட்பட்ட சிறுநீரக நோய் முன்னர் என்.18.4; புதிய முறையில் ஜீ.பி.61.4. காரணமில்லாமல் உயரும் இரத்த அழுத்தம் முன்னர் ஐ.10; புதிய முறையில் பி.ஏ.00. நம்மவர் சீனி வருத்தம் என்று கூறும் நீரிழிவில் இரண்டாம் வகை முன்னர் ஈ.11, புதிய முறையில் 5ஏ11.

இவை ஒன்றுக்கு ஒன்றாகச் செல்வன, சிரமமில்லை. சில நோய்கள் அவ்வாறு செல்வதில்லை. டெங்கை எடுத்துக்கொள்வோம். பத்தாம் திருத்தம் வந்த காலத்தில் டெங்குக் காய்ச்சல், குருதிப்பெருக்கு டெங்கு என்று இரண்டு பெட்டிகளே இருந்தன. பதினோராம் திருத்தத்தில் அபாய அறிகுறி இல்லாதது, அபாய அறிகுறி உள்ளது, கடுமையானது என மூன்று. இலங்கையின் சிகிச்சை வழிகாட்டிகளோ குருதிப்பெருக்கு டெங்கு என்ற பெயரையே பின்பற்றி வந்துள்ளன. வைத்தியர் அப்பெயரை மட்டும் எழுதினால், அந்நோயாளியை மூன்றில் எதில் வைப்பது? இலிகிதர் ஊகிப்பது முறையன்று. வைத்தியர் சீட்டிலேயே, 'வயிற்று நோவு உண்டு, தொடர் சத்தி உண்டு, குருதி திரட்சி கூடியது' என்று அறிகுறிகளை எழுதிவைத்தால் எந்தத் திருத்தத்தாலும் குழப்பம் நேராது.

ஆயத்தப்படுத்தும் முறையை இப்போது வரிசையாகக் கூறுகின்றேன். ஒரு வைத்தியர், ஒரு தாதி, பதிவேடு எழுதும் ஒருவர், இவ்வளவே உள்ள சிறு இடத்தை மனத்தில் கொண்டே கூறுகின்றேன்.

முதலாவது, 17,000 எண்களையும் கண்டு அஞ்சவேண்டாம். கடந்த ஓராண்டுப் பதிவேட்டை எடுத்து, அதிகமாக வந்த ஐம்பது நோய்களைப் பட்டியலாக எழுதுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், தொய்வு, வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், டெங்கு, எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, மண்வெட்டிக் காயம் என்று கிராமத்து மருந்தகத்தின் வேலையில் பெரும்பகுதி அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் நேரே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டாவது, ஒன்றாயிருந்து பலவாகும் நோய்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். அவற்றுக்கு நேரே, வைத்தியர் மேலதிகமாக எழுதவேண்டிய சொல் யாதென எழுதுங்கள். சிறுநீரகத்துக்குப் படிநிலையும் காரணமும். நீரிழிவுக்கு வகையும் விளைவும். காயத்துக்கு எப்பக்கம், எவ்வாறு, எங்கே என்பவை. ஆயத்தம் என்பதன் சாரம் இதுவே. எண்ணைப் பொறிகூடத் தேடித் தரும். எழுதாத சொல்லை எப்பொறியாலும் தரமுடியாது.

மூன்றாவது, பதிவேடு எழுதுபவர் வைத்தியரிடம் கேள்வி கேட்கும் உரிமை உடையவராதல் வேண்டும். நம் வைத்தியசாலைகளில் இது எளிதன்று. பெரியவரிடம் திருப்பிக் கேட்பதா என்ற தயக்கம் உண்டு. 'ஐயா, எந்தப் படிநிலை?' என்று எழுதிய துண்டுச் சீட்டொன்றைச் சீட்டோடு இணைத்து அனுப்பும் வழக்கத்தை வைத்தியரே தொடங்கிவைத்தல் நலம். நோயாளி வீடு செல்லுமுன் அந்த விடை வந்துவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் எவர்க்கும் நினைவிராது.

நான்காவது, மாறும் திகதிக்கு முன்னரே ஒத்திகை பார்த்தல். நூறு பழைய சீட்டுக்களை எடுத்து, இருவர் தனித்தனியே இரு முறையிலும் எண்ணிட்டு, எங்கே வேறுபடுகின்றது என்று ஒப்புநோக்குங்கள். அவ்வேறுபாடுகள் எங்கே எழுத்துப் போதவில்லை என்று தாமே காட்டிவிடும்.

ஐந்தாவது, பணத்தைப் பற்றியது. அரசாங்க வைத்தியசாலையில் நோயாளி எண்ணுக்காகப் பணம் கட்டுவதில்லை. ஆயினும் தனியார் வைத்தியசாலையிலும், காப்புறுதிப் பத்திரங்களிலும் நோயின் பெயருக்கும் தொகைக்கும் தொடர்புண்டு. அரசாங்க ஊழியர் பலர் அக்ரஹார காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும்போது நோய் நிர்ணய அட்டையை இணைக்கவேண்டியிருப்பதை அறிவார்கள். எந்தத் திகதியிலிருந்து எந்த எண் செல்லும் என்பதைக் காப்புறுதியாரிடமும், கணினி நிரல் தந்தவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிவைத்தல் வேண்டும்.

இந்த ஐந்தாவதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவம் நல்ல பாடம். அங்கே வைத்தியரின் ஊதியச் சிட்டை ஒவ்வொன்றும் நோயெண் தாங்கியே காப்புறுதியாரிடம் செல்லும். பழைய ஒன்பதாம் திருத்தத்திலிருந்து பத்தாவதற்கு மாறும் திகதி பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2015 ஒக்டோபர் முதலாம் திகதியன்று நடைமுறைக்கு வந்தது. அவர்கள் தம் தேவைக்கேற்ப விரித்த பட்டியலில் ஏறத்தாழ 14,000 ஆக இருந்த நோயெண்கள் ஏறத்தாழ 69,000 ஆயின. சிறு மருந்தகங்கள் பணமின்றி மூடவேண்டி வருமோ என்ற அச்சம் பரவியிருந்தது. அவ்வாறு பேரிடர் நேரவில்லை. முன்கூட்டியே பழகியிருந்தமை ஒரு காரணம். எண் சரியான குடும்பத்தைச் சேர்ந்ததாயின், நுட்பக் குறைவு ஒன்றைக் கொண்டே பணத்தை மறுப்பதில்லை என்று முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதி ஓராண்டு சலுகை அளித்தமை மற்றொரு காரணம். சிகிச்சை நடந்த திகதியே எந்த எண் என்பதைத் தீர்மானிக்கும் என்ற விதியும் தெளிவாக இருந்தது. செப்டெம்பரில் பார்த்த நோயாளிக்கு ஒக்டோபரில் சிட்டை அனுப்பினாலும் பழைய எண்ணே செல்லும். இத்தகைய தெளிவு நம்மிடமும் இருத்தல் வேண்டும்.

பணத்துக்காக எண்ணை உயர்த்தி எழுதும் சோதனையும் இவ்விடத்தில் உண்டு. சாதாரணச் சளியை நிமோனியா என்று எழுதினால் தொகை கூடலாம். அது பொய், அவ்வளவில் நிற்பதுமில்லை. அந்த நோயாளி மறுமுறை வேறொரு வைத்தியரிடம் செல்லும்போது, அந்தப் பொய் அவருடைய சரித்திரமாகித் தவறான மருந்துக்கு வழிகாட்டும்.

ஆறாவது, எண் மாறிய ஆண்டில் கணக்கைப் பார்த்து மிரளவோ மகிழவோ வேண்டாம். அமெரிக்காவில் 1999இல் இறப்புக் காரணங்கள் பத்தாம் திருத்தத்துக்கு மாறியபோது, இன்புளுவென்சாவும் நிமோனியாவும் காரணமென்று பதிவான இறப்புக்கள் புதிய முறையில் முப்பது வீதமளவு குறைந்து தோன்றின. மக்கள் நலமடைந்துவிடவில்லை, அடிப்படைக் காரணத்தைத் தெரிவுசெய்யும் விதி மாறியது. ஆகவே வரைபடத்தில் அந்த ஆண்டில் ஒரு கோடு கிழித்து, 'இவ்விடத்தில் முறை மாறியது' என்று எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதாவிட்டால், பத்தாண்டு கழித்து வரும் அதிகாரி கிளிநொச்சியில் ஒரு நோய் குறைந்துவிட்டதென்று எண்ணி மருந்தைக் குறைத்துவிடக்கூடும்.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நோயாளி 'நெஞ்சுக்குள்ளே பாரம் வைத்தாற்போல் இருக்கின்றது' என்கின்றார், வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுகின்றார், இலிகிதர் எண்ணாக்குகின்றார். மூன்று மொழிபெயர்ப்புக்களில் எங்கேனும் பொருள் சிந்திவிடக்கூடும். இக்குறையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் மானிப்பாயில் வைத்தியப் பணியாற்றிய அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த அவர், தமிழிலேயே வைத்தியங் கற்பித்து, 'இரணவைத்தியம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டு, நோய்களுக்கும் உறுப்புக்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடி வைத்தார். அப்பணி இன்னொரு வடிவில் இன்று தொடர்கின்றது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய முறைகளின் நோய்ப் பெயர்களுக்கெனப் பதினோராம் திருத்தத்தில் ஒரு பகுதி அமைத்து, 2024 சனவரியில் புதுடில்லியில் அதனை வெளியிட்டனர். ஐந்நூறுக்கு மேற்பட்ட நோய்நிலைகள் அதில் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த வைத்தியம் பயின்று நம் ஊர்களில் பணியாற்றுவோர்க்கு இது புதிய கதவு. அவர்கள் பார்க்கும் நோயாளியரும் என்றாவது ஒருநாள் கணக்கில் சேர்வதற்கு, அவர்களும் இன்றே பதிவேடு எழுதிப் பழகுதல் நன்று.

இறுதியாக, நேயர்களாகிய உங்கள் பங்கு யாது? வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது தரப்படும் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். 'என் வருத்தத்தின் பெயர் என்ன, எந்த நிலையில் இருக்கின்றது?' என்று பணிவோடு கேளுங்கள். கிளினிக் கொப்பியை உறையிட்டு மழை படாமல் வைத்திருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் உறுதிகளையும் பிறப்பு அத்தாட்சியையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியவர்கள் நாம். அன்று வைத்தியப் பதிவுகள் எவ்வளவோ அழிந்தன. மருந்து என்ன உண்டோம், ஊசி என்ன போட்டோம் என்று தெரியாமல் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது.

வீட்டிலே ஒருவர் இறக்க நேர்ந்தால், கிராம அலுவலருக்கும் பதிவாளருக்கும் காரணம் கூறுகையில், 'முதுமை' என்றோ 'நெஞ்சு நின்றுவிட்டது' என்றோ கூறி முடித்துவிடாதீர்கள். எவருக்கும் இறுதியில் நெஞ்சு நிற்கத்தான் செய்யும். அதற்கு முன் என்ன வருத்தம், எத்தனை ஆண்டு, எங்கே வைத்தியம் என்பவற்றைக் கொப்பியைக் காட்டிக் கூறுங்கள். துயரத்தின் நடுவே அது கடினம் என்பதை அறிவேன். ஆயினும், இறந்தவர் தம் அயலவர்க்குச் செய்யும் கடைசி உதவியாக அஃது அமையக்கூடும்.

மீண்டும் நம் கமக்காரரிடம் வருவோம். மறுமாதம் அவர் கிளினிக்குக்குச் செல்கின்றார். இம்முறை வைத்தியர் சற்று நேரம் எடுத்து, 'நாட்பட்ட சிறுநீரக நோய், நான்காம் படிநிலை, நீரிழிவு இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, காரணம் தேடப்பட்டது, காணப்படவில்லை, முப்பது ஆண்டு வயல் வேலை, கிணற்று நீர் குடிப்பவர்' என்று எழுதுகின்றார். அதை எழுத இரண்டு நிமிடம் சென்றிருக்கும். அவருக்கு இடப்படும் எண் பழையதோ புதியதோ, அந்த நான்கு வரியும் கூடவே இருக்கும். அதைப் படிப்பவர் எவராயினும், அந்தக் கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றும்.